கடலுக்குள்ளே யார் லைட் போட்டது?

[காட்சி: பகல். சுவரில் ஒட்டிய, இருட்டில் ஒளிரும் நட்சத்திர ஸ்டிக்கர்.]

குரல்: அஞ்சாறு வயசுப் பிள்ளைங்களுக்கு, ஒளிவிடற கடல் உயிரினங்களைப் பத்திச் சொல்லித்தரும்போது இந்த ஸ்டிக்கரை உதாரணம் காட்டாதீங்க. இது ட்யூப்லைட் வெளிச்சத்தைக் கடன் வாங்கி வெச்சிருந்து கொஞ்சங்கொஞ்சமா திருப்பிக் கொடுக்குது. கடல்ல 1,000 மீட்டருக்குக் கீழே கடன் கொடுக்க வெயிலே கிடையாது. அங்கே வெளிச்சத்தைச் சொந்தமா சமைச்சாத்தான் உண்டு.

[காட்சி: இருட்டு அறை. இரண்டு கண்ணாடி டம்ளர், ஒரே நிறத்தில் இரண்டு க்ளோ ஸ்டிக் (வளைத்தால் ஒளிவிடும் பிளாஸ்டிக் குச்சி).]

குரல்: பெரியவங்க வளைச்சுக் கொடுங்க. 'டக்'னு கேட்டா உள்ளே இருக்கற சன்னமான கண்ணாடிக் குழாய் உடைஞ்சாச்சு. நல்லா குலுக்குங்க, ரெண்டு திரவமும் கலந்து வெளிச்சம் வரும். தொட்டுப் பார்க்கச் சொல்லுங்க, சுடாது. "பல்பு சுடுதே, இது ஏன் சுடலை?"னு ஒரு வாண்டு கேட்டுட்டா பாடம் பாதி முடிஞ்சது.

இப்போ ஒண்ணை ஐஸ் தண்ணியிலயும் இன்னொண்ணை வெதுவெதுப்பான தண்ணியிலயும் போடுங்க. கொதிதண்ணி வேண்டாம், பிளாஸ்டிக் இளகிடும். ரெண்டு மூணு நிமிஷத்துல ஐஸ்ல இருக்கறது மங்கும், மற்றது பளிச்சுனு எரியும். ஆனா சீக்கிரம் தீர்ந்துபோறதும் அந்தப் பளிச்சுதான். கடிக்கவோ வெட்டவோ விடாதீங்க, உள்ளே கண்ணாடிச் சில்லு இருக்கு.

[காட்சி: தூண்டில் மீன். நெற்றிக் கம்பு நுனியில் நீல ஒளி.]

குரல்: கடல் உயிரினங்களும் க்ளோ ஸ்டிக் மாதிரி பொருள்களைக் கலந்துதான் ஒளிவிடுது. அந்தப் பொருள்களோட லூசிஃபெரின், லூசிஃபெரேஸ் பேரெல்லாம் இந்த வயசுக்கு வேண்டாம். "உடம்புக்குள்ள ஒரு பொருள் ஆக்சிஜனோட சேருது, இன்னொரு பொருள் அதுக்கு உதவுது" போதும். ஆழ்கடல் தூண்டில் மீன் கொஞ்சம் வேற கதை: நுனியில குடியிருக்கற பாக்டீரியாதான் அங்கே விளக்கேத்துது. விளக்கு பெண் மீனுக்கு மட்டும்தான். "அப்பா மீன்" நெற்றியிலயும் பல்பு வரையற படங்களைத் தள்ளிடுங்க.

வரையும்போது நீலமும் பச்சையும் போதும். கடல்தண்ணி சிவப்பை முதல்லயே விழுங்கிடும், நீலம்தான் தூரம் போகும். கறுப்புச் சார்ட்டுல மெழுகு க்ரேயான் எடுபடாது. கலர் சாக்பீஸைத் தண்ணியில நனைச்சு வரையச் சொல்லுங்க. காயக் காய நிறம் தூக்கலாகும்.

[காட்சி: இரவு. நீலமாக ஒளிரும் அலை.]

குரல்: 2019 ஆகஸ்ட்ல சென்னை திருவான்மியூர்ப் பக்கம் அலை இப்படி நீலமா மின்னுச்சே, அது நாக்டிலுகா. மீனும் இல்லை, ஜெல்லிமீனும் இல்லை, ஒரே செல் உள்ள குட்டி உயிர்தான். அலை உலுக்கும்போது மின்னும், சும்மா விட்டா இருட்டு.