ஆர்மோனியம் வைத்த ஓப்பரா

தலைவர் அவர்களே, அம்மாமார்களே, ஐயாமார்களே, வணக்கம். மழை தகரக் கூரையில் அடிக்கிறது. பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றால் கையைத் தூக்குங்கள்.

மலேசியாவில் இந்தச் சுங்கை சிப்புட்டுக்கு வந்து ஒரு வெள்ளைக்காரரின் இசையைப் பற்றி என்ன பேச்சு என்று டீ குடிக்கும்போதே ஒரு ஐயா கேட்டுவிட்டார். நியாயம்தான். பதிலுக்குக் கொஞ்சம் பொறுங்கள்.

அவர் பெயர் விக்டர் உல்மன். 1898இல் பிறந்தவர். வியன்னாவில் ஷோன்பெர்க் என்ற இசையமைப்பாளரிடம் படித்தார், முதல் உலகப் போரில் சண்டைக்குப் போனார், பிராகில் இசைக்குழு நடத்தினார். அதெல்லாம் இருக்கட்டும். யூத வம்சம் என்பதால் 1942 செப்டம்பரில் நாஜிகள் அவரைச் செக் நாட்டில் இருந்த தெரேசின் முகாமில் கொண்டுபோய் அடைத்தார்கள். அங்கே இருந்த இரண்டு வருடத்தில் சுமார் இருபது உருப்படிகள் எழுதினார்.

அதில் ஒன்று ஓப்பரா, நம்ம இசை நாடகம் மாதிரி. எல்லாரும் எல்லாரோடும் சண்டை போடுங்கள் என்று ஒரு பேரரசன் உத்தரவு போடுகிறான். சாவுக்குக் கோபம் வந்துவிடுகிறது. "இனி வேலைக்கு வரமாட்டேன்" என்று ஸ்டிரைக் செய்கிறது. தோட்டத்து ஸ்டிரைக் பார்த்த உங்களுக்கு இது புரியும். தூக்கில் போட்டாலும் ஆள் சாவதில்லை, நோயாளிக்கும் விடுதலை இல்லை. கடைசியில் சாவு ஒரு நிபந்தனை வைக்கிறது: முதல் ஆளாக நீ வா. பேரரசன் போகிறான்.

இதை முகாமுக்குள்ளேயே எழுதியிருக்கிறார், பாருங்கள்! ஜெர்மன் தேசிய கீதத்தையும் உள்ளே இழுத்துக் கோணலாக்கிப் பாட வைத்தார். கிடைத்த ஆட்களை வைத்துத்தான் வாத்தியக் குழு: பாஞ்சோ, சாக்ஸபோன், கூடவே ஆர்மோனியம். நம்ம கோயில் பஜனைப் பெட்டிக்குக் கையால் துருத்தி, அதற்குக் காலால் மிதிக்க வேண்டும். சொந்தக்காரர்கள்தான். 1944இல் ஒத்திகை நடந்தது, முகாமில் மேடை ஏறவில்லை.

அக்டோபர் 16ஆம் தேதி அவரை அவுஷ்விட்ஸ் என்ற கொலை முகாமுக்கு ரயிலேற்றினார்கள். அங்கே கொன்றுவிட்டார்கள். கையெழுத்துப் படிகளை மட்டும் முகாம் நூலகத்தைப் பார்த்துக்கொண்ட எமில் உட்டிட்ஸிடம் விட்டுப் போயிருந்தார். உட்டிட்ஸ் பிழைத்தார், காகிதமும் பிழைத்தது. 1975இல் ஆம்ஸ்டர்டாமில் அந்த ஓப்பரா முதன்முதலாக மேடை ஏறியது.

சரி, ஐயா கேட்ட கேள்விக்கு வருகிறேன். அதே வருடங்களில்தான் ஜப்பான்காரர்கள் சயாமிலிருந்து பர்மாவுக்கு, சயாம் ரயில் பாதை என்கிறோமே, அதைப் போட்டார்கள். 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் முடித்தார்கள். அந்த வேலைக்கு நம் மலாயாத் தோட்டங்களிலிருந்து போனவர்கள் பல்லாயிரம் பேர். என் தாத்தாவின் அண்ணன் போனார், திரும்பவில்லை. அவரை நினைத்து எங்கள் ஆத்தா பால்வாளி கழுவும்போது ஒரு பாட்டு முனகுவார். நான் எழுதி வைக்கவில்லை. மெட்டு இரண்டு வரிக்கு இருக்கிறது, சொல் போய்விட்டது.

மூன்றாவது வரிசையில் இருக்கும் பாட்டியின் அப்பாவும் சயாமுக்குப் போனவராம். தம்பி, மைக்கை அங்கே கொண்டுபோ, போனில் ரெக்கார்டிங்கும் போட்டுவிடு. பாட்டி, நடுவில் மறந்துபோனாலும் பரவாயில்லை. மழை கொஞ்சம் விடட்டும்.