ஜெபத்தில் ஒரு வால்

நேயர்களுக்கு வணக்கம்.

அக்டோபர் கடைசி ஞாயிறு வருகிறது. மார்ட்டின் லூதர் தொடங்கி, கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து எங்கள் சபைகள் பிரியக் காரணமான சீர்திருத்தத்தின் நினைவாக, அதைச் சீர்திருத்த ஞாயிறு என்று கொண்டாடுவோம். அதைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி நிலையத்தில் கேட்டார்கள். நான் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன், இறையியல் படித்தவன் அல்ல. ஆகவே எனக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

என் அப்பா கோத்தகிரிப் பக்கம் டீ பேக்டரியில் வேலை பார்த்தவர். எங்கள் சபை பாசல் மிஷன் என்ற சீர்திருத்தச் சபை மிஷனரிச் சங்கத்தின் வழி வந்தது. அம்மா உதகை காந்தலைச் சேர்ந்தவர், பரம்பரைக் கத்தோலிக்கர். அந்தக் கல்யாணம் எப்படி நடந்தது என்பது தனிக்கதை. இரண்டு வீட்டிலும் கொஞ்ச காலம் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் பிறந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டது. முழுப்பரீட்சை லீவு விட்டால் என்னைக் காந்தலில் அம்மாயி வீட்டில் கொண்டுபோய் விடுவார்கள்.

அறுபது வருஷத்துக்கு முந்தைய காந்தல். பொழுது சாய்ந்தால் கரி அடுப்பைச் சுற்றி எல்லோரும் முழந்தாளில் நின்று செபமாலை சொல்ல வேண்டும். அம்மாயி, “பரமண்டலங்களிலே இருக்கிற எங்கள் பிதாவே” என்று தொடங்குவார். அட, நம் ஜெபம்தானே என்று எனக்கு உற்சாகம். அடுத்த வார்த்தையிலேயே கால் இடறும். நான் ‘உம்முடைய நாமம் பரிசுத்தப்படுவதாக’ என்று முணுமுணுப்பேன். அங்கே ‘அர்ச்சிக்கப்படுவதாக’. அதைச் சமாளித்துவிடலாம். கடைசியில்தான் வினை. ‘தீமையிலிருந்து எங்களை இரட்சித்தருளும், ஆமென் சேசு’ என்று எல்லோரும் முடித்துவிட்டார்கள். நான் மட்டும் வீட்டுப் பழக்கத்தில், “ராஜ்யமும் வல்லமையும் மகிமையும் என்றென்றைக்கும் உம்முடையவைகளே” என்று கணீரென்று தொடர்ந்துவிட்டேன்.

மாமா பிள்ளைகள் சிரிப்பை அடக்கப் படாதபாடு பட்டார்கள். அம்மாயி கண்ணைத் திறக்கவில்லை. “அது உங்கப்பன் வீட்டு வாலு. இங்க வேண்டாம் ராசா” என்றார். அப்புறம் “பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே வாழ்க” என்று மாலையின் அடுத்த மணிக்குப் போய்விட்டார். செபமாலையில் பரமண்டல ஜெபம் ஆறு தடவை வரும். ராத்திரிக்கு ஆறு தடவை அந்த வாலை நான் விழுங்க வேண்டியிருந்தது.

அந்த வால் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் பாசல் என்ற ஊரில் போய் நிற்கிறோம். ஆமாம், எங்கள் மிஷனுக்குப் பெயர் கொடுத்த அதே சுவிட்சர்லாந்து நகரம்தான். மேற்கு ஐரோப்பா முழுவதும் நூற்றாண்டுக் கணக்காக ஜெரோம் செய்த லத்தீன் வேதாகமத்தையே வாசித்து வந்தது. அதில் இந்த ஜெபம் வருகிற மத்தேயு ஆறாம் அதிகாரத்தில் இந்த வரி கிடையாது. 1516-இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தைப் பாசலில் அச்சிட்டார். அவர் கையில் கிடைத்த கிரேக்கப் படிகளில் வரி இருந்தது, அச்சிலும் ஏறியது. இதில் ஒரு வேடிக்கை, எராஸ்மஸ் கடைசிவரை கத்தோலிக்கராகவே இருந்தவர். அந்தக் கிரேக்கப் புத்தகத்தின் இரண்டாம் பதிப்பை மேசையில் வைத்துக்கொண்டு, வார்ட்பர்க் கோட்டையில் ஒளிந்திருந்த மார்ட்டின் லூதர் சில வாரங்களில் புதிய ஏற்பாட்டை ஜெர்மன் மொழியில் பெயர்த்து முடித்தார். 1522 செப்டம்பரில் அது வெளிவந்தது. வாலும் கூடவே போயிற்று.

லூதர் ஏன் ஒளிந்திருந்தார்? 1517 அக்டோபர் 31-க்குப் போக வேண்டும். மறுநாள் சகல பரிசுத்தவான்களின் திருநாள். அவர் இருந்த விட்டன்பர்க் ஊரின் ஆட்சியாளர் பிரெடரிக், புனிதர்களின் எலும்பு, ஆடைத் துண்டு என்று அருளிக்கங்களைச் சேர்த்துக்கொண்டே போனவர். 1520 வாக்கில் அவரிடம் ஏறக்குறைய 19,000 இருந்தன. அவற்றைப் பார்த்து வணங்குகிறவர்களுக்குப் பலன் உண்டு. பக்கத்து ஊரில் காசு கொடுத்தாலும் பலன் உண்டு. ரோமில் பேதுரு பேராலயம் கட்டப் பணம் தேவைப்பட்ட காலம் அது. இதை எங்கள் பக்கம் ‘பாவமன்னிப்புச் சீட்டு’ என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அது முழு நியாயம் இல்லை. திருச்சபை போதித்தது, மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தண்டனை, அதாவது இறந்த பிறகு உத்தரிக்கிற ஸ்தலத்தில் கழிக்க வேண்டியது, அதனால் குறையும் என்பதைத்தான். ஆனால் சந்தையில் விற்றவர்கள் அத்தனை நுணுக்கமாகவா பேசியிருப்பார்கள்? லூதர் 95 வாதங்களை எழுதினார். கோயில் கதவில் ஆணி அடித்தாரா இல்லையா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். அதே நாளில் தன் பேராயருக்குக் கடிதத்தோடு அனுப்பினார் என்பது உறுதி. அதில் கிளம்பிய சண்டைதான் அவரை ஒளிந்திருக்க வைத்தது.

அவரை உலுக்கிய வசனம் ரோமர் முதல் அதிகாரத்தில் இருக்கிறது: ‘விசுவாசத்தினாலே நீதிமான் பிழைப்பான்.’ நல்லவனாகிக் கடவுளிடம் போவது இல்லை. கடவுள் கிருபையால் ஏற்றுக்கொள்கிறார், அதை நம்பிக் கையேந்தி வாங்குகிறோம். நற்செயல் அதிலிருந்து பிறக்கிறதே தவிர, அதற்குக் கொடுக்கிற விலை அல்ல. அடிப்படை இவ்வளவுதான். இதற்காக ஐரோப்பா நூறு வருஷத்துக்கு மேல் வெட்டிக்கொண்டு செத்தது. 1999 அக்டோபர் 31-இல் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் கத்தோலிக்கத் திருச்சபையும் ஆக்ஸ்பர்க் நகரில் உட்கார்ந்து, இந்த விஷயத்தின் சாரத்தில் நாம் ஒத்துப்போகிறோம் என்று கையெழுத்திட்டன. அம்மாயி அதைப் பார்க்க இல்லை.

ஆனால் ஒத்துப்போன விஷயங்கள் அப்போதும் நிறைய இருந்தன. கோத்தகிரியில் அப்பாவோடு நின்று விசுவாசப் பிரமாணம் சொல்வேன். வானத்தையும் பூமியையும் படைத்த பிதா, கன்னி மரியாளிடத்தில் பிறந்து, பொந்தியு பிலாத்துவின் காலத்தில் பாடுபட்டு, மூன்றாம் நாள் உயிர்த்தெழுந்த குமாரன், பரிசுத்த ஆவி, பாவமன்னிப்பு, சரீர உயிர்த்தெழுதல். காந்தலிலும் அதே வரிசைதான். நாங்கள் ‘பொதுவான சபை’ என்போம், அவர்கள் ‘கத்தோலிக்கத் திருச்சபை’ என்பார்கள். கத்தோலிக்க என்ற கிரேக்கச் சொல்லுக்கே பொதுவான என்றுதான் பொருள். ஒரே சொல்லை ஒரு வீட்டில் மொழிபெயர்த்தார்கள், இன்னொரு வீட்டில் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

வித்தியாசம் எனக்குக் கண்ணில்தான் முதலில் தெரிந்தது. காந்தல் குருசடி என்ற சிலுவைத் திருத்தலத்துக்குப் போனால் மெழுகுவர்த்தி வெளிச்சம், சாம்பிராணி, சுரூபங்கள், இயேசுவை அறைந்த சிலுவையின் சிறு துண்டு என்று போற்றப்படும் அருளிக்கம். கூட்டம் முட்டி மோதும், அழும். அப்போதெல்லாம் பூசை லத்தீனில்தான். எங்கள் கோயிலில் பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. வெள்ளைச் சுவர், ஒரு வெறும் சிலுவை, பிரசங்க மேடை, தடித்த வேதாகமம். அங்கே எல்லா வேலையும் காதுக்குத்தான். இரண்டு பாடம் வாசிப்பார்கள், முக்கால் மணி நேரம் பிரசங்கம், நடுநடுவே பாமாலை, கீர்த்தனை. ‘விசுவாசம் கேள்வியினாலே வரும்’ என்று பவுல் எழுதியதைச் சீர்திருத்தக்காரர்கள் கட்டடமாகவே கட்டிவிட்டார்கள். வானொலியில் பேசுகிறவன் இதைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும், சின்னப் பையனாக எனக்குக் குருசடிதான் பிடிக்கும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கத்தோலிக்கரின் ஏழு திருவருட்சாதனங்களில், அதாவது புனிதச் சடங்குகளில், ஞானஸ்நானத்தையும் திருவிருந்தையும் மட்டும் சீர்திருத்தக்காரர்கள் வைத்துக்கொண்டார்கள், கிறிஸ்துவே ஏற்படுத்தியவை என்று வேதத்தில் தெளிவாக இருப்பவை இவைதான் என்று. அந்த இரண்டிலாவது ஒற்றுமை உண்டா? 1529-இல் மார்பர்க் கோட்டையில் லூதரும் சூரிச் நகரத்து ஸ்விங்லியும் சந்தித்தார்கள். பாசல் நகரத்துச் சீர்திருத்தத் தலைவரும் கூட இருந்தார். பதினைந்து விஷயங்களில் பதினான்கு சரியாகிவிட்டது. அப்பத்தில் கிறிஸ்துவின் சரீரம் மெய்யாகவே இருக்கிறதா, அது நினைவுகூர்தலா என்பதில் முறிந்தது. ‘இது என் சரீரம்’ என்று லூதர் மேசைமேல் சாக்பீஸால் எழுதி வைத்துக்கொண்டு அசையவில்லை என்பார்கள். எனக்கு அம்மாயியும் அப்பாவும் நினைவுக்கு வருவார்கள். பதினான்கில் ஒத்துப்போய்விட்டு ஒன்றில் முறைத்துக்கொள்வது எங்கள் வீட்டு வழக்கம்.

தமிழுக்கு இந்த அலை 1706-இல் தரங்கம்பாடிக் கரையில் வந்தது. சீகன்பால்கு என்ற ஜெர்மன் லுத்தரன் மிஷனரி வந்து, தமிழ் படித்து, 1714, 1715-இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். தமிழை முதலில் அச்சில் ஏற்றியது கத்தோலிக்கர்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும், 1578-இலேயே கொல்லத்தில் தம்பிரான் வணக்கம் என்ற புத்தகம் வந்துவிட்டது. ஆனால் வேதாகமத்தையே சாதாரண ஜனங்கள் கையில் கொடுப்பது என்பது புதிது. அதனால் எழுத்துப் படிப்பதும் விசுவாசத்தில் ஒரு பகுதியாகிவிட்டது. எங்கள் எஸ்டேட்டில் ஐயர், அதாவது சபைப் போதகர், மாதம் ஒரு தடவை வந்தால் பெரிய காரியம். மற்ற நாளெல்லாம் லைன் வீட்டில் அப்பாதான் சிம்னி விளக்கடியில் வேதம் வாசித்து ஜெபிப்பார். விசுவாசி ஒவ்வொருவரும் ஆசாரியர் என்று லூதர் சொன்னது அப்பாவுக்குத் தெரியாது. அவருக்குத் தெரிந்ததெல்லாம், பேக்டரியில் டீ இலையை வாடவிடும் தட்டுகளுக்குப் பக்கத்தில் நின்று கால் கடுத்தாலும் அந்த அரை மணி நேரத்தை விடக்கூடாது என்பதுதான்.

நீலகிரி மலைக்குப் பாசல் மிஷன் வந்தது 1846-இல், கேத்தியில். காஸமேஜர் என்ற ஓய்வுபெற்ற ஆங்கில அதிகாரி அங்கே இருந்துகொண்டு அவர்களுக்கு ஆதரவு கொடுத்தார். அவரவர் மொழியில் வேதம் என்ற பிடிவாதம் இங்கேயும் வந்தது. இந்த மலையில் வாழும் படகர்களின் பேச்சுக்கு எழுத்து இல்லை, ஆகவே 1852-இல் லூக்கா சுவிசேஷத்தைப் படக மொழியில், கன்னட எழுத்தில், மங்களூரில் அச்சிட்டார்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் என் சபையில் ஆராதனை தமிழில்தான். பக்கத்து இருக்கையில் உட்காரும் படகக் குடும்பம் வீட்டில் பேசுவது ஒன்று, கோயிலில் ஜெபிப்பது ஒன்று. ஐந்நூறு வருஷமாகச் சொந்த மொழி, சொந்த மொழி என்று பேசுகிற நாங்கள் அந்த வேலையை நடுவழியில் விட்டுவிட்டோம் என்பது என் கருத்து. சபையில் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது.

சரி, வாலுக்கு வருவோம். எராஸ்மஸ் பார்த்தவை பிந்தைய கையெழுத்துப் படிகள். பிறகு நாலாம் நூற்றாண்டைச் சேர்ந்த, இன்னும் பழைய படிகள் வெளிச்சத்துக்கு வந்தன. மத்தேயுவில் அந்த வரி அவற்றில் இல்லை. ஆதிச் சபையார் ஆராதனையில் சொல்லிவந்தது பின்னால் வேதத்துக்குள் ஏறியிருக்கிறது என்பதே பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. மூலத்துக்குப் போ, மூலத்துக்குப் போ என்று சொன்ன சீர்திருத்தம், இன்னும் கொஞ்சம் போயிருந்தால் அம்மாயி பக்கம் வந்து நின்றிருக்கும். இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு நாற்பது வயது. அம்மாயியிடம் சொல்ல முடியவில்லை.

அதற்குள் அவர்கள் பக்கமும் மாறிவிட்டது. 1962 முதல் 1965 வரை நடந்த வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது. புதிய பூசை முறையில் அந்த வரியையும் சேர்த்துக்கொண்டார்கள்.

போன வருஷம் மாமா பேத்திக்குக் காந்தலில் திருமணப் பூசை. இந்த முறை தயங்க வேண்டியதில்லை என்று நிமிர்ந்து நின்றேன். பரமண்டல ஜெபம் வந்தது. தீமையிலிருந்து எங்களைக் காத்தருளும் என்று எல்லோரும் முடித்த கையோடு, “ராஜ்யமும் வல்லமையும்” என்று பலமாகத் தொடங்கிவிட்டேன். அங்கே முறை வேறு. நடுவில் குருவானவர் தனியாக ஒரு மன்றாட்டுச் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் ஜனங்கள் அந்த வரியைச் சொல்வார்கள். கோயில் முழுக்க அமைதி. என் குரல் மட்டும் போய்க்கொண்டிருந்தது. முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பையன் திரும்பிப் பார்த்தான்.

வணக்கம்.