மைக் வயர் யார் கையில்?

(பெங்களூரு அல்சூரில் நடந்த ஒரு தமிழர் கூட்டத்தில் பேசியது. எழுத்துக்காகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறேன்.)

எல்லாருக்கும் வணக்கம். கருத்துரிமை பற்றிப் பேசச் சொன்னார்கள். அதற்கு நான் டெல்லி வரைக்கும் போக வேண்டியதில்லை. இங்கிருந்து பொடி நடையாகப் போனால் அல்சூர் ஏரி. பக்கத்தில் வள்ளுவர் உட்கார்ந்திருக்கிறார்.

அந்தச் சிலையை 1991-இலேயே வைத்தாகிவிட்டது. கன்னட அமைப்புகளிடமிருந்து எதிர்ப்பு வந்தது, சட்டம் ஒழுங்கு கெடும் என்றார்கள், மூடிவிட்டார்கள். அந்த வருஷம் பிறந்த பிள்ளை ஓட்டுப்போடும் வயசுக்கு வரும் வரைக்கும் மூடியே கிடந்தது. உள்ளே இருப்பது யார் என்று பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது? காது கசக்கிற சொல்லையும் பொறுத்துக் கேட்கிற அரசனின் குடைக்கீழ்தான் உலகம் தங்கும் என்று எழுதியவர் என்றா? பதினெட்டு வருஷம் கழித்து 2009 ஆகஸ்ட் 9-ஆம் தேதி திறந்தார்கள். அன்றைய கர்நாடக முதல்வர் எடியூரப்பாவும் தமிழ்நாட்டு முதல்வர் கலைஞரும் ஒரே மேடையில். நாலு நாள் கழித்து, 13-ஆம் தேதி, கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை சென்னை அயனாவரத்தில் திறக்கப்பட்டது. வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை.

'கலவரம் வரும், அதனால் வாயை மூடு' என்கிற வாதத்துக்கு உச்ச நீதிமன்றம் 1989-இலேயே பதில் சொல்லிவிட்டது. இட ஒதுக்கீட்டை விமர்சித்த ஒரு தமிழ்ப் படம் சம்பந்தமான வழக்கு அது. ஆர்ப்பாட்டம், வன்முறை என்று யாரோ மிரட்டுகிறார்கள் என்பதற்காகக் கருத்தை நசுக்க முடியாது, பாதுகாப்புக் கொடுப்பது அரசின் வேலை என்றது தீர்ப்பு. அந்தப் படம் சொன்ன கருத்து எனக்குத் துளியும் பிடிக்காது. தீர்ப்பு பிடிக்கும். இரண்டும் வேறு வேறு விஷயம் என்று புரிய எனக்கு ரொம்ப வருஷம் ஆனது.

அதற்காக எதை வேண்டுமானாலும் பேசலாமா? இல்லை. வன்முறைக்குத் தூண்டுவது, அவதூறு, இதையெல்லாம் அரசியல் சட்டத்தின் 19(2) பிரிவு பட்டியல் போட்டே வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலை எடுத்துப் படித்துப் பாருங்கள். 'மனம் புண்பட்டது' என்ற வார்த்தை அதில் இல்லை.

2016 செப்டம்பர் ஞாபகம் இருக்கிறதா? காவிரிப் பிரச்சினை. கன்னட நடிகர்களைக் கிண்டல் செய்து முகநூலில் எழுதினான் என்று ஒரு தமிழ் மாணவனை இந்த ஊரில் அடித்தார்கள். ராமேஸ்வரத்தில் கர்நாடகத்து ஓட்டுநர் ஒருவரை அடித்து, காவிரி தமிழ்நாட்டுக்குத்தான் என்று சொல்ல வைத்தார்கள். இரண்டு வீடியோவும் செல்போன் செல்போனாகச் சுற்றின. 12-ஆம் தேதி பஸ்கள் எரிந்தன. முதல் வீடியோவைப் பார்த்து நம் வீடுகளில் கொதித்தோம். இரண்டாவதைப் பார்த்து எத்தனை பேர் கொதித்தோம்? நான் கொதிக்கவில்லை. 'சரிதான்' என்று ஒரு நிமிஷம் நினைத்தேன்.

அதைவிட மோசமான ஒன்றைச் சொல்கிறேன். சில வருஷங்களுக்கு முன்பு எங்கள் பகுதிப் பொங்கல் விழா. நான்தான் தலைமை. ஒரு தம்பி மேடைக்கு வந்தார். வருஷா வருஷம் நாற்காலி அடுக்குவது, கரும்பு கட்டுவது எல்லாம் அவர்தான். 'காவிரி விஷயத்தில் கர்நாடகத்து மண்டியா விவசாயி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது' என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் சலசலப்பு. என் கால் பக்கத்தில் மைக் வயர் கிடந்தது. குனிந்து உருவிவிட்டேன். 'நேரமாச்சு தம்பி' என்றேன். நேரமெல்லாம் ஆகவில்லை, பட்டிமன்றம் தொடங்க இன்னும் நாற்பது நிமிஷம் இருந்தது. சத்தமில்லாமல் அவர் வாய் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்தது. அப்புறம் இறங்கிப் போனார். கூட்டம் எனக்குக் கை தட்டியது. அந்தக் கைதட்டல்தான் இன்னும் உறுத்துகிறது. அடுத்த பொங்கலுக்கு நாற்காலி அடுக்க அவர் வரவில்லை.

சிலையை மூடியவர்களை வாய் ஓயாமல் திட்டியவன் நான். மூடும் சாக்கு என் கைக்கு வந்தபோது எவ்வளவு சுலபமாக மூடினேன் பாருங்கள். எண்ணிக்கையில் குறைவாக இருக்கும் இடத்தில் எல்லாருக்கும் கருத்துரிமை இனிக்கும். நம் ஆள் நிறைந்த மண்டபத்தில்தான் அது கசக்க ஆரம்பிக்கிறது.

இடம் மாறுவதற்கு ரொம்ப நாள் ஆகாது என்பதற்கும் இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறது. போராட்டம் என்றால் போலீஸ் நம்மை அனுப்பும் ஃப்ரீடம் பார்க், பழைய மத்தியச் சிறை. 1975 அவசரநிலையில் வாஜ்பாயியையும் அத்வானியையும் அங்கேதான் அடைத்தார்கள். அன்று உள்ளே இருந்தவர்கள் பிறகு ஆட்சிக்கு வந்தார்கள். அடைத்த காங்கிரஸ் கட்சி இன்று டெல்லியில் எதிர்வரிசையில் உட்கார்ந்து பேச்சுரிமை கேட்கிறது. (சிறைச்சாலையைப் பேச்சுக்கு ஒதுக்கிய ஊர் வேறு ஏதாவது இருக்கிறதா, தெரியவில்லை!)

சரி, என் நேரம் நிஜமாகவே முடியப்போகிறது. அந்தத் தம்பியின் வீட்டுக்குப் போன வாரம் போயிருந்தேன். காபி கொடுத்தார், அதிகம் பேசவில்லை. இன்று வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில். அன்று பாதியில் நின்றதை இப்போது பேசப்போகிறார். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன், பதில் வைத்திருக்கிறேன். ஆனால் அவர் முடித்த பிறகுதான். மைக் வயரை அந்தக் கோடி வழியாகப் போடச் சொல்லியிருக்கிறேன், என் கைக்கு எட்டாது. வாங்க தம்பி.