குழந்தையிடம் காசு கிடையாது

(குழந்தைகளுக்கு எழுத விரும்பும் ஆசிரியர்களுக்காகச் சேலத்தில் நடந்த பயிலரங்கில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

அழைப்பிதழில் எனக்குக் ‘குழந்தை இலக்கியத்தின் மாண்பு’ என்று தலைப்பு போட்டிருக்கிறீர்கள். மாண்பைப் பற்றி எனக்கு முன்னால் பேசிய ஐயா நிறைவாகப் பேசிவிட்டார். நான் வியாபாரம் பேசப்போகிறேன். ஒரு குழந்தைக் கதையை எழுதி முடித்த பிறகு அது யார் யார் கைக்குப் போகிறது, யார் காசு கொடுக்கிறார்கள், எழுதினவருக்கு என்ன மிஞ்சுகிறது, இவ்வளவுதான் என் பேச்சு. உங்களில் பாதிப் பேர் பைக்குள் கைப்பிரதி வைத்திருக்கிறீர்கள் என்று வாசலிலேயே பார்த்துவிட்டேன். அதனால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள்.

நாவல் படிக்கிறவர் தன் சட்டைப் பையிலிருந்து பணம் எடுத்து நாவல் வாங்குகிறார். பிடிக்கவில்லை என்றால் எழுதினவரைத் திட்டுகிறார். அது நேர்க்கணக்கு. நமக்கு அப்படி இல்லை. படிக்கிறவர் ஒருவர், வாங்குகிறவர் வேறொருவர். குழந்தையிடம் காசு கிடையாது. நம் தொழிலில் உள்ள அத்தனை கோணலுக்கும் இதுதான் வேர்.

புதிய பேருந்து நிலையத்துக்கு எதிரே மாநகராட்சித் திடலில் நடந்த புத்தகத் திருவிழாவில் நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். ஏழெட்டு வயசுப் பெண். தொங்கட்டான் போட்டுக்கொண்டு, எண்ணெய் வைத்து இரட்டைப் பின்னல். என் புத்தகம் ஒன்றை எடுத்தாள். அப்படியே இரண்டு மேசைக்கு நடுவில் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, விரல் வைத்து, வாய்விட்டுப் படித்தாள். கரடி பலாப்பழத்தோடு உருண்டு விழுகிற பக்கம் வந்ததும் சிரிப்பு. அடுத்த பக்கம் போகவில்லை, திரும்ப அந்தப் பக்கத்தையே முதலிலிருந்து படித்தாள். பதினாறு பக்கத்தையும் முடித்துவிட்டு எழுந்து, “இது வேணும்” என்றாள். அம்மா கேட்டார்: “அதான் படிச்சு முடிச்சிட்டியே கண்ணு, அப்புறம் எதுக்கு அதை வாங்கறது? வேற எடு.” அப்பா புத்தகத்தைத் திருப்பி விலையைப் பார்த்தார். கட்டைவிரலால் பக்கத்தை எண்ணினார். “பதினாறு பக்கத்துக்கு அறுபது ரூபாயா?” அதே விலைக்கு இரண்டு விரற்கடை தடிமனில் ஒரு பொது அறிவுக் கேள்வி-பதில் வாங்கிக்கொண்டு போனார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. தறிக்கூலியில் ஓடும் வீட்டில் அறுபது ரூபாய் அறுபது ரூபாய்தான். ஆனால், குழந்தை அதே பக்கத்துக்குத் திரும்பப் போனாளே, புத்தகத்தின் விலை அங்கே இருக்கிறது. அதை எந்த அட்டையின் பின்னாலும் அச்சடிக்க முடியாது.

அந்த அப்பாவின் கட்டைவிரல் இருக்கிறதே, அது அங்கேயே நிற்பதில்லை. கடைக்காரர் அதைப் பார்க்கிறார். “பக்கம் கூட இருந்தா போகும் சார்” என்று பதிப்பாளரிடம் சொல்கிறார். பதிப்பாளர் எனக்குப் போன் பண்ணுகிறார். ஏற்காட்டுப் பஸ்ஸில் போகிற ஒரு பையனைப் பற்றி எழுதியிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவையும் வாந்தி எடுக்காமல் தாண்டிவிடுவதாக அண்ணனிடம் பந்தயம். ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு தந்திரம் பண்ணுகிறான்: ஆரஞ்சுத் தோலை மோந்து பார்க்கிறான், கண்ணை மூடுகிறான், எலுமிச்சம்பழத்தைக் கன்னத்தில் அடக்கிக்கொள்கிறான். பத்தொன்பதாவது வளைவில் அண்ணன் வாந்தி எடுத்துவிடுகிறான். அவ்வளவுதான் கதை. எந்தப் பள்ளிக்கூடத்தில் சொன்னாலும் பிள்ளைகள் புரண்டு சிரிக்கும். பதிப்பாளர் என்ன சொன்னார் தெரியுமா? “அம்மா, வாந்தியெல்லாம் வேண்டாமே. மலைவளத்தைக் காக்கணும்னு முடிச்சுட்டீங்கன்னா நூலகத்துக்கு எடுப்பாங்க. கடைசிப் பக்கத்துல ‘இக்கதையால் அறியும் நீதி’ன்னு ஒரு கட்டம் போட்டுடலாம்.”

அந்தக் கட்டம் யாருக்காக என்று நினைக்கிறீர்கள்? எந்தக் குழந்தையும் அதைப் படிப்பதில்லை. காசு கொடுக்கிறவர் மனசாறக் கொடுக்க வேண்டுமே, அதற்கான ரசீது அது. நான் போட மறுத்தேன். கதை வேறொரு இடத்தில், தாமதமாக, வாந்தியோடு வந்தது.

இதில் பதிப்பாளர் மட்டும் வில்லன் என்று நினைத்துவிடாதீர்கள். அவருடைய கணக்கையும் பார்ப்போம். கறுப்பு வெள்ளையில் ஒரு கவிதைத் தொகுப்பை இன்றைக்கு ஐம்பது பிரதிகூட அச்சடித்துக் கொடுக்கிறார்கள், விற்க விற்க அடித்துக்கொள்ளலாம். வண்ணப் படப் புத்தகத்தை ஆஃப்செட்டில் போடும்போது நீலம், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு என்று நான்கு பிளேட் போட வேண்டும். மிஷினை ஏற்றி, வண்ணம் பொருந்தும்வரை தாள் வீணாக்கி, அப்புறம்தான் ஓட்டம். நூறு பிரதி அடித்தாலும் இரண்டாயிரம் அடித்தாலும் இந்தச் செலவு ஒன்றுதான். ஆயிரத்துக்குக் கீழே அடித்தால் பிரதி விலை எங்கேயோ போய்விடும். ஆயிரம் அடித்தால் ஆயிரத்தையும் யார் தலையில் கட்டுவது? அதனால்தான் அவர் நூலக ஆணையை, அதாவது நூலகங்களுக்கு மொத்தமாகப் புத்தகம் எடுக்கிற உத்தரவை, பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

நூலகம் நம் காசுதான். 1948-இல் வந்த சென்னைப் பொது நூலகச் சட்டத்திலிருந்து, வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்த்து வாங்குகிறார்கள். இப்போது ரூபாய்க்குப் 10 காசு. சேலத்தில் குகைப் பகுதியிலும் செவ்வாய்ப்பேட்டையிலும் வீட்டு வரி கட்டுகிற நீங்கள் ஒவ்வொருவரும் புத்தகம் வாங்குகிறவர்கள்தான். ஆனால் அந்தக் காசை வைத்துப் புத்தகம் எடுக்கும்போது நெடுங்காலம் ஃபாரக் கணக்குதான் பேசியது. பதினாறு பக்கம் ஒரு ஃபாரம், ஃபாரத்துக்கு இவ்வளவு என்று விலை. முந்நூறு பக்க நாவலுக்கு அது சரிப்படும். பதினாறே பக்கத்தில் முடிகிற படப் புத்தகம் அந்தத் தராசில் ஒற்றை ஃபாரம். எழுதுகிறவர் என்ன செய்வார்? கதையை இழுப்பார். நம் பழைய குழந்தை நூல்கள் பலவற்றில் படம் குறைந்து எழுத்து நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதற்கு எழுத்தாளர்களின் ரசனை மட்டும் காரணம் இல்லை.

இனி நம் பங்கு. நடைமுறையில் பேசப்படுவது 10 விழுக்காடு ராயல்டி. அறுபது ரூபாய்ப் புத்தகத்துக்கு ஆறு ரூபாய். படப் புத்தகம் என்றால் ஓவியரோடு பாதி பாதி, ஆளுக்கு மூன்று ரூபாய். ஆயிரம் பிரதியும் விற்றால் மூவாயிரம், அதுவும் விற்று முடித்த பிறகு. இதைக் கேட்டுவிட்டு வேலையை விடலாமா என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், அருள்கூர்ந்து விடாதீர்கள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவே இந்தியன் வங்கியில் வேலை பார்த்தவர்தான். அந்த வேலையில் இருந்துகொண்டுதான் 1950-இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் தொடங்கினார். எழுதுகிறவனுக்குச் சம்பளம் கொடுத்த ஊர் ஒன்று தமிழ்நாட்டில் உண்டு என்றால் அது நம் சேலம்தான். ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த காலத்தில் கலைஞரும் கண்ணதாசனும் இங்கே வந்து தங்கி எழுதினார்கள். அது சினிமாவுக்கு. குழந்தைக் கதைக்கு மாதச் சம்பளம் கொடுக்க அந்த மாடர்ன் தியேட்டர்ஸ் முதலாளி டி.ஆர். சுந்தரம் மாதிரி ஒருவர் இன்னும் பிறக்கவில்லை.

ஓவியரோடு பாதி பாதி என்றேனே, அங்கே சிலருக்கு முகம் மாறியதைக் கவனித்தேன். மாற வேண்டாம். தறி ஓடும் அம்மாபேட்டைக்காரர்களுக்குச் சொன்னால் உடனே விளங்கும்: படப் புத்தகத்தில் எழுத்து பாவு, அதாவது நெடுக்கு நூல்; படம் ஊடை, குறுக்கு நூல். பாவை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போய்ச் சேலை என்று விற்க முடியாது.

ஆனால் அந்த ஓவியரை நாம் எப்படி நடத்துகிறோம்? ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காபிப் பழம் பறிக்கப் போகும் ஒரு பாட்டியையும் பேத்தியையும் வைத்து ஒரு கதை எழுதினேன். படம் சென்னையிலிருந்து வந்தது. அழகான படம். மலைச்சரிவு முழுக்க வெட்டிவிட்ட மாதிரி தேயிலைச் செடி! பாட்டி முதுகில் கூடையைக் கட்டிக்கொண்டு கொழுந்து கிள்ளுகிறாள். பேத்திக்குக் காதுவரை கம்பளிக் குல்லா. ஏற்காட்டில் 1820-களில் கலெக்டர் காக்பர்ன் காலத்தில் வந்தது காபி. அது நிழலில் வளர்கிற செடி. மேலே சில்வர் ஓக் மரம், மரத்தைச் சுற்றி மிளகுக்கொடி, அடியில் இருட்டாகக் காபிச்செடி. வெயில் அங்கங்கே காசு காசாகத்தான் தரையில் விழும். பறிக்கிறவர்கள் இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு சிவந்த பழத்தை மட்டும் பார்த்துப் பார்த்து உருவுவார்கள். ஓவியருக்கு இது எப்படித் தெரியும்? அவர் மலை என்றால் ஊட்டியைப் பார்த்திருக்கிறார். அவரை ஒருநாள் இங்கே கூட்டிவர பஸ் டிக்கெட்டுக்கு எந்தப் பதிப்பகத்தின் பட்ஜெட்டிலும் ஒரு வரி கிடையாது. நாகலூர் பக்கம் போய்ப் போனில் படம் எடுத்து அனுப்பினேன். பையை எப்படிக் கட்டுகிறார்கள் என்று தனியாக ஒரு வீடியோ. அவர் எந்த முணுமுணுப்பும் இல்லாமல் மொத்தத்தையும் திரும்ப வரைந்தார். இரண்டாம் முறை வரைந்ததற்கு யாரும் அவருக்குத் தனியாகக் காசு கொடுக்கவில்லை. நீங்கள் கதையை அனுப்பும்போதே இடத்தின் படங்களையும் சேர்த்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது ஒப்பந்தம். இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். நம் ஆட்களுக்குக் காகிதம் கேட்க வெட்கம். “அவங்க புத்தகம் போடறதே பெரிசு, இதுல கையெழுத்து வேறயா” என்போம். என் தொடக்க காலத்தில் ஒரு பதிப்பாளர் கொஞ்சம் பிரதிகளைக் கட்டிக் கொடுத்து, “இதை ராயல்டியா வெச்சுக்குங்க” என்றார். பல வருஷம் கழித்து, என் கதை வேறொரு தலைப்பில், ஒரு தொகுப்பில், என் பெயர் இல்லாமல் வந்திருந்ததை ஒரு பள்ளி நூலகத்தில் பார்த்தேன். கேட்டதற்கு, “மொத்தமா எங்களுக்குக் கொடுத்துட்டீங்களே” என்று பதில் வந்தது.

வாய்வார்த்தையில் மொத்தமாக எல்லாம் கொடுத்துவிட முடியாது. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவைப் படியுங்கள். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். எத்தனை காலத்துக்கு என்று எழுதவில்லை என்றால் 5 ஆண்டு. எந்த இடத்துக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும். வாங்கின உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தவில்லை, ஒப்பந்தத்திலும் வேறு ஏதும் சொல்லவில்லை என்றால் அந்த உரிமை காலாவதி. 57-ஆம் பிரிவு இன்னும் நல்லது. உரிமையையே விற்றுவிட்டாலும், இது நான் எழுதியது என்று கோரும் உரிமை எழுதினவரிடமே இருக்கும். ஓவியருக்கும் இது பொருந்தும். சட்டம் நம் பக்கம் இருக்கிறது, நாம்தான் அதன் பக்கம் போவதில்லை.

விருதைப் பற்றி ஒரே வரி. சாகித்ய அகாதமி 1955-இலிருந்து பரிசு கொடுக்கிறது. குழந்தை எழுத்துக்கென்று பால சாகித்ய புரஸ்கார் வந்தது 2010-இல். நடுவில் எத்தனை பேர் எழுதி, முதுமையடைந்து, போய்ச் சேர்ந்தார்கள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். மற்றபடி நமக்குக் கிடைப்பது சால்வை. ஏற்காட்டுப் பள்ளியில் போர்த்தினால் பரவாயில்லை, குளிருக்காகும். சேலத்தில் சித்திரை மாதம் போர்த்துகிறார்கள். பேச வருகிறவருக்குப் போக்குவரத்துச் செலவு கொடுத்து, அவருடைய புத்தகத்தைப் பத்துப் பிரதி வாங்கிப் பிள்ளைகள் கையில் கொடுக்கும் பள்ளிகளும் உண்டு. தலைமையாசிரியர்கள் இங்கே இருக்கிறீர்கள், ஜாடையாகத்தான் சொல்கிறேன்.

பத்திரிகைகள் பற்றியும் சொல்லியாக வேண்டும். 1947-இல் தொடங்கிய அம்புலிமாமா, பிறகு வந்த கோகுலம், பூந்தளிர் எல்லாம் தொடர்ந்து எழுத இடம் கொடுத்தன. ஒரு எழுத்தாளர் கை பழகியது அங்கேதான். அவை நின்றுவிட்டன. துளிர் வருகிறது. பள்ளிக் கல்வித் துறையின் ஊஞ்சலும் தேன்சிட்டும் வந்திருக்கின்றன. அரசின் வாசிப்பு இயக்கத்தில் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துச் சின்னச் சின்னப் புத்தகமாக அரசுப் பள்ளிக்குக் கொடுத்தார்கள். எனக்கு அதில் பெரிய மகிழ்ச்சி ஒன்று. அப்பாவின் கட்டைவிரலைத் தாண்டிப் புத்தகம் நேரே குழந்தை கைக்குப் போகிறது. மலையடிவாரத்தில் ஒரு பள்ளியில் பார்த்தேன், ‘நுழை’ புத்தகத்தைப் படித்து முடித்த பையன் வரிசையில் போய் மறுபடி அதையே எடுத்தான். டீச்சர், “அதான் படிச்சிட்டியே” என்று சொல்லவில்லை. அந்த டீச்சர் இன்றைக்கு இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார். பெயர் சொன்னால் அடிப்பார்.

போதும். பின் மேசையில் மாதிரி ஒப்பந்தம் தமிழில் வைத்திருக்கிறேன், ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே வெள்ளைத் தாள் இருக்கிறது. தலா நான்கு தாள் எடுத்து, நடுவில் மடித்து, ஒரு பின் அடித்தால் பதினாறு பக்கம். டீ குடித்துவிட்டு வந்து, உங்கள் கதையை அதில் பக்கம் பக்கமாகப் பென்சிலால் பிரித்து எழுதுங்கள். படம் வருகிற பக்கத்தைக் காலியாக விடுங்கள். எட்டாவது, ஒன்பதாவது பக்கம் எதிரெதிரே ஒரே தாளாக விரியும். உங்கள் கதையில் அந்த இடத்துக்கு எது வருகிறது என்று பார்த்து வையுங்கள், அங்கிருந்துதான் தொடங்கப்போகிறோம்.