ராத்திரி ஒரு மணி ஷோ

வணக்கம் நேயர்களே. பேய்க்கதை பத்தி பேசுங்கன்னு கூப்டாங்க, அதனால பொம்மை வீட்டுலேர்ந்து ஆரம்பிக்கிறேன். இங்கிலாந்துல விண்ட்சர் கோட்டையில ராணி மேரிக்காக 1920கள்ல செஞ்ச ஒரு பொம்மை வீடு இன்னும் இருக்கு. நிஜ வீட்டுல ஒரு அடின்னா இதுல ஒரு அங்குலம், அவ்ளோதான். ஆனா குழாய திறந்தா தண்ணி வரும், லிஃப்ட் ஓடும், நிலவறையில குட்டி பாட்டில்ல அசல் ஒயின். லைப்ரரியும் உண்டு, அதுக்கு அந்தக் கால எழுத்தாளர்கள்ட்ட ஆளுக்கொரு குட்டிப் புத்தகம் கேட்டாங்க. ஈட்டன் பள்ளியோட தலைவரா இருந்த பேய்க்கதை எழுத்தாளர் எம்.ஆர்.ஜேம்ஸ் என்ன எழுதிக் குடுத்தார் தெரியுமா? பேய் புடிச்ச பொம்மை வீட்டோட கதை! மனுஷனுக்கு குசும்பு ஜாஸ்தி.

கதையில டில்லெட்னு ஒருத்தர் பழைய சாமான் கடையில ஒரு அழகான பொம்மை வீட்ட வாங்கி பெட்ரூம்ல வெச்சுட்டு தூங்குறார். ராத்திரி ஒரு மணி அடிக்குது, ஆனா காதுக்கெட்டுற தூரத்துல மணியடிக்கிற கடிகாரமே இல்ல. முழிச்சு பாத்தா பொம்மை வீட்டு ஜன்னல்ல வெளிச்சம், உள்ள பொம்மைங்க நடமாடுது, கட்டில்ல ஒரு கிழவர், வக்கீல் வர்றதுக்குள்ள அவர் கதைய முடிக்க அடுப்புகிட்ட அவர் பொண்ணே நிதானமா ஏதோ பானம் காய்ச்சிட்டிருக்கா. அப்புறம் செத்த கிழவர் மனுஷன் சைஸ் தவளை மாதிரி, தலையில நாலு வெள்ளை முடியோட, பேரப்புள்ளைங்க ரூமுக்கு வர்றார். அடுத்து வெளிய வர்றது ரெண்டு சின்ன சவப்பெட்டி.

எனக்கு தவளைய விட அந்த அடுப்புதாங்க பயம். டில்லெட் கைய நீட்டுனா அந்த கிண்ணத்த தட்டி விட்டுடலாம் போல இருக்கு, ஆனா எல்லாம் எப்பவோ நடந்து முடிஞ்சது, பாக்க மட்டும்தான் முடியும்.

மனுஷன் ஆடிப்போய் டாக்டர் பேச்ச கேட்டு கடற்கரை ஊருக்கு போனா, வித்த கடைக்காரரும் பொண்டாட்டியோட அங்கதான் இருக்கார். அவங்களும் அதையெல்லாம் பாத்தவங்கதான்! ஏன்யா சொல்லலன்னு மடக்குனா அவர் கேக்குறாரு, இவ்ளோ அழகான சாமான ஒடச்சு போடவா சொல்றீங்க, இல்ல ராத்திரி ஒரு மணிக்கு தினம் ஒரு ஷோ இலவசம்னு சொல்லி விக்கணுமா?