ஆல் பழுத்தால் அங்கே, அரசு பழுத்தால் இங்கே

(டெக்சஸ், ரியோ கிராண்டே பள்ளத்தாக்குத் தமிழர்களின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)

விழாத் தலைவர் அவர்களே, செயலாளர் அவர்களே, ஒவ்வொரு செலவுக்கும் "ரசீது எங்கே?" என்று கேட்டுக் கேட்டே இந்தச் சங்கத்தைக் கடனில்லாமல் வைத்திருக்கும் பொருளாளர் அவர்களே, சான் அன்டோனியோவிலிருந்து நான்கு மணி நேரம் காரோட்டி வந்திருக்கும் சிறப்பு விருந்தினர் அவர்களே, சனிக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டு நம் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லித்தரும் ஆசிரியைகளே, வடை சுடும் சாக்கில் என் பேச்சிலிருந்து தப்பித்துக்கொண்ட சமையல் குழுவினரே, பெரியோர்களே, தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் வாழ்த்துகள். எனக்கு முன்னால் பேசிய டாக்டர் அம்மா சர்க்கரை நோயைப் பற்றிப் பேசினார். சர்க்கரைப் பொங்கல் பரிமாறுவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் அதைப் பேசத் தனி தைரியம் வேண்டும். அவருக்கும் என் வணக்கம்.

இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். மூன்று செய்திகள். ஒன்று, நம் பகுதிக்கு அண்மையில் வந்த அபூர்வப் பறவைகள். இரண்டு, மெக்சிகோ எல்லைச் சுவர். மூன்று, சங்கம் வாங்கப் போகிற மூன்று ஏக்கர் நிலம். மூன்றாவதைக் கேட்டதும் பொருளாளர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். பொறுங்கள் ஐயா, வருகிறேன்.

ஆல் பழுத்தால் அங்கே, அரசு பழுத்தால் இங்கே. இந்தப் பழமொழியைச் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கமாட்டேன் என்று என் மனைவி பந்தயம் கட்டியிருந்தார். முதலிலேயே சொல்லிவிட்டேன், பந்தயம் முடிந்தது. ஊரில் இதை ஒட்டுண்ணி உறவினர்களைத் திட்டத்தான் சொல்வார்கள். நான் பறவைகளின் பக்கம் நின்று சொல்கிறேன். பழுத்த இடத்துக்குப் போவதில் என்ன தப்பு? நாமெல்லாம் விசா வாங்கிக்கொண்டு இங்கே வந்தது வேறு எதற்கு?

சரி, பறவைக்கு வருவோம். 2021 டிசம்பர். அலமோ ஊருக்குத் தெற்கே, ஆற்றங்கரையில் இருக்கிற சான்டா அனா வனவிலங்குக் காப்பகத்தில் ஒரு பேட் ஃபால்கன் வந்து உட்கார்ந்தது. வௌவால் தின்னும் சின்ன வல்லூறு. மெக்சிகோவில் தொடங்கி அர்ஜென்டினா வரை அதன் நாடு. அமெரிக்காவில் அதற்கு முன் ஒருமுறைகூடப் பதிவானதில்லை. நம்மில் பாதிப் பேர் வேலைக்குப் போகிற மிலிட்டரி ஹைவே இருக்கிறதே, அதன் ஓரத்து மின்கம்பம்தான் அதற்குச் சிம்மாசனம். நான் போய்ப் பார்த்தபோது அது ஒரு தும்பியைக் காலில் அமுக்கிக்கொண்டு இறக்கைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தது. மைனாவைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். முதுகு கரும்பலகைக் கறுப்பு, தொண்டை வெள்ளை, மார்பில் மெல்லிய வெள்ளைக் கோடுகள், வயிற்றுக்குக் கீழே செங்காவி. தும்பியை முடித்துவிட்டு அலகைக் கம்பத்தில் இரண்டு பக்கமும் தேய்த்துத் துடைத்தது. சாலையோரம் முழுக்க வெளிமாநில எண் பலகைகள். மினசோட்டாவிலிருந்து வந்த ஒரு தாத்தா கண்ணைத் தொலைநோக்கியிலிருந்து எடுக்காமலே என்னிடம் கேட்டார்: "இங்கே நல்ல டாக்கோ எங்கே கிடைக்கும்?"

பொருளாளர் கவனிக்க வேண்டும். ஒரு பறவை வந்தது. அதன் பின்னால் மோட்டல் வாடகை வந்தது, பெட்ரோல் காசு வந்தது, டாக்கோ காசு வந்தது. இந்தப் பள்ளத்தாக்குக்கு இயற்கைச் சுற்றுலாவால் ஆண்டுக்கு 46 கோடி டாலருக்கு மேல் வருமானம் என்று டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் 2011-இல் கணக்குச் சொன்னது. சும்மா வருவதில்லை அந்தக் கூட்டம்.

அந்த வல்லூறு இங்கே இருந்தபோதே, 2022 தொடக்கத்தில், பிரவுன்ஸ்வில் பல்கலைக்கழக வளாகத்தில் சோஷியல் ஃப்ளைகேட்சர் என்கிற ஒரு மெக்சிகோப் பக்கத்துப் பறவை. ரெசாகா என்கிறோமே, ஆறு தடம் மாறியபோது விட்டுப்போன பழைய வளைவுகள், அந்தத் தண்ணீர்க் கரையில். நம் வீட்டுக் கம்பிகளில் உட்கார்ந்து காலையில் ஊரைக் கூட்டுகிற கிஸ்கடீயின் சின்னத் தம்பி மாதிரி இருக்கும். மஞ்சள் வயிறு, முகத்தில் கறுப்புப் பட்டை எல்லாம் அதே. அலகு மட்டும் குட்டி. அந்த வளாகத்தில் படிக்கிற நம் பிள்ளைகள் எத்தனை பேர் அதைக் கிஸ்கடீ என்று நினைத்துக் கடந்து போனார்களோ!

அப்புறம் 2023 நவம்பர். இது நம் பள்ளத்தாக்கு இல்லை, வடக்கே கார்பஸ் கிறிஸ்டி. ஆனாலும் சொல்லாமல் விட மனமில்லை. கேட்டில் டைரன்ட், தென் அமெரிக்கப் பறவை. மாடு மேயும்போது கிளம்புகிற பூச்சியைப் பிடிக்கும், மாட்டின் முதுகிலேயே சவாரியும் செய்யும். நம் ஊர்க் கரிச்சானுக்கு இருக்கிற அதே புத்தி. அமெரிக்காவில் அதுவே முதல் பதிவு. அது வந்து இறங்கிய இடம் நகரத்தின் நடு மத்தி. மாட்டுக்கு எங்கே போகும்? உணவகங்களுக்குப் பின்னால் இருக்கிற குப்பைத் தொட்டிகளைக் கண்டுபிடித்தது. அங்கே ஈக்குப் பஞ்சமா? மாதக்கணக்கில் அங்கேயே குடியிருந்தது. கப்பலேறி வந்திருக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். எப்படி வந்தால் என்ன, ஆல் பழுத்தால் அங்கே.

இவை ஏன் வருகின்றன என்று கேட்டால் குளிர்காலம் வெதுவெதுப்பாகி வருவது, மெக்சிகோப் பக்கம் வறட்சி, புயல் என்று பல காரணம் சொல்கிறார்கள். ஒவ்வொரு பறவைக்கும் ஒரு கதை இருக்கும். வந்த பறவை தங்குவதற்குக் காரணம் மட்டும் ஒன்றுதான்: ஆற்றோரத்தில் இன்னும் கொஞ்சம் புதர்க்காடு மிச்சம் இருக்கிறது. கொஞ்சம் என்றால் நிஜமாகவே கொஞ்சம். 1904-இல் பிரவுன்ஸ்விலுக்கு ரயில் வந்தது. அதற்கப்புறம் பருத்தி, கரும்பு, கிரேப்ஃப்ரூட் என்று வெட்டி, உழுது, இப்போது வீட்டு மனை என்று வெட்டி, பழைய காட்டில் 95 சதவீதத்துக்கு மேல் போய்விட்டது. 1943-இல் காப்பகமான சான்டா அனா வெறும் 2,088 ஏக்கர். அந்தத் துண்டில் மட்டும் சுமார் 400 வகைப் பறவைகளைப் பதிவு செய்திருக்கிறார்கள்.

இங்கே என் பெரியப்பா கதையைச் சொல்லியாக வேண்டும். முதுகுளத்தூர்க்காரர். எங்களோடு இருக்க வந்திருந்தார். விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், வீட்டு வாசலில் இறங்கியதும் முதல் வார்த்தை என்ன கேட்டார் தெரியுமா? "ஏப்பா, பதினஞ்சாயிரம் கிலோமீட்டரு தாண்டி வந்தும் கருவேலங்காட்டுக்குள்ளயா வீடு கட்டியிருக்க?"

அவர் பார்த்தது மெஸ்கீட் மரம். நம் ஊர்ச் சீமைக்கருவேலத்துக்கு உடன்பிறப்பு. அதே இலை, அதே முள், அதே காய். ராமநாதபுரத்து மனிதர் அதைப் பார்த்தால் சும்மா இருப்பாரா? 2017-இல் மதுரைக் கிளை உயர் நீதிமன்றம் சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்னபோது ஊரில் முதல் ஆளாக அரிவாளோடு நின்றவர் அவர். மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பியதும் கராஜில் கிடந்த கோடரியை எடுத்துக்கொண்டு பின்புறம் போய்விட்டார். மாமனார் முறை, என் மனைவியால் தடுக்கவும் முடியவில்லை. எனக்கு போன் மேல் போன். நான் நோயாளிக்கு மருந்து எடுத்துக் கொடுப்பேனா, பெரியப்பாவைப் பிடிப்பேனா?

காப்பாற்றியது பக்கத்து வீட்டு மெக்சிகோப் பாட்டி. வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஸ்பானிஷில் ஒரு கத்து கத்தியிருக்கிறார். இவர் தமிழில் திருப்பிக் கத்தியிருக்கிறார். "இது நெலத்தடித் தண்ணிய உறிஞ்சிப்புடும் ஆத்தா!" பாட்டி கையை மேலே காட்டியிருக்கிறார். கிளைக் கவட்டையில் வைக்கோலும் நூலும் கந்தலுமாக ஒரு பெரிய உருண்டை, பக்கவாட்டில் வாசல். கிஸ்கடீக் கூடு. தாய்ப் பறவை வெளியே வந்து பெரியப்பாவின் வழுக்கையைக் குறிபார்த்துப் பாய்ந்திருக்கிறது. கோடரி கீழே விழுந்தது. பாட்டி சிரித்தது தெரு முனை வரை கேட்டதாம்.

அந்த வாரக் கடைசியில் அவரை ஹெச்-ஈ-பி கடைக்குக் கூட்டிப்போனேன். பார்பிக்யூ அடுக்கில் மெஸ்கீட் விறகைப் பொட்டலம் கட்டி டாலர் விலை போட்டு வைத்திருந்தார்கள். விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தார். அங்கேயே தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். "கரிமூட்டம் போட்டு லாரி லாரியா ஏத்துனோமே, ஒருத்தனும் பொட்டலம் கட்டச் சொல்லித் தரலையே!" ஊருக்குப் போகிற வரை தினமும் காலை காபியை அந்த மரத்தடியில்தான் குடித்தார். வேலிக்கு அந்தப் பக்கம் பாட்டி, இந்தப் பக்கம் பெரியப்பா. ஒருவர் பேச்சு மற்றவருக்கு ஒரு சொல் புரியாது. அரட்டை மட்டும் குறையவில்லை.

அங்கே அது வந்தேறி, தண்ணீரையும் நிலத்தையும் பிடுங்கிக்கொண்டது, வெட்டுவது சரி. இங்கே அதன் சொந்த மண். இதைப் பெரியப்பாவே புரிந்துகொண்டார். ஆனால் நான் குடியிருக்கிற பகுதியின் நிர்வாகக் குழுவுக்கு இன்னும் புரியவில்லை. பின்புறத்தில் களை மண்டிக் கிடக்கிறது என்று கடிதம் போட்டார்கள். அந்தக் களை அங்கே பூத்திருந்த டர்க்ஸ் கேப் செடி. நம் செம்பருத்திக்கு உறவு, தேன்சிட்டு அளவே இருக்கும் ஹம்மிங்பேர்டுக்குச் சாப்பாடு. பதில் எழுதியிருக்கிறேன், மூன்று பக்கம்.

இரண்டாவது செய்தி, சுவர். இதற்குத்தான் நிறையக் குறிப்பு எடுத்து வைத்திருந்தேன். நாடாளுமன்றம் 2018-இல் சான்டா அனாவுக்கும், அடுத்த ஆண்டு பென்ட்சன் பூங்காவுக்கும் வண்ணத்துப்பூச்சி மையத்துக்கும் விலக்கு கொடுத்தது, மற்ற இடங்களில் சுவரோடு சேர்த்து அகலமாகப் புதரையும் வழித்தெடுப்பது, தரையை ஒட்டியே பறக்கிற குட்டி ஆந்தையின் பாடு என்று நிறைய. மேடையேறும்போது செயலாளர் என் காதில் "அரசியல் வேண்டாமே சார்" என்றார். நல்ல மனிதர், எனக்கு மேடை கொடுத்தவர். சாப்பாட்டு வரிசையில் கேளுங்கள், அங்கே சொல்கிறேன்.

மூன்றாவதற்கு வந்துவிட்டேன். தமிழ்ப் பள்ளிக்கு இடம் வாங்கப் போகிறோம், மகிழ்ச்சி. நன்கொடை கொடுத்த ஒவ்வொருவரையும் கும்பிடுகிறேன். வரைபடத்தைப் பார்த்தேன். கட்டடம், கார் நிறுத்தம், மிச்சமெல்லாம் புல்தரை. இப்போது அந்த நிலத்தில் தென்மேற்கு மூலையில் என்ன இருக்கிறது என்று கமிட்டியில் யாராவது நடந்து பார்த்தீர்களா? வயதான டெக்சஸ் எபனி மரங்கள் இரண்டு. ஒரு அனக்வா மரம், பழம் பழுத்தால் சாச்சலாக்கா என்கிற கோழி மாதிரிப் பறவைகளின் கூட்டம் கிளையே ஒடிகிற மாதிரி வந்து இறங்கும். வெள்ளைப் பூப் பூக்கிற காட்டு ஆலிவ்; பெயர்தான் ஆலிவ், உண்மையில் நம் நறுவிலியின் பங்காளி. சின்ன வயதில் அதன் பழத்தைப் பசையாக்கிப் பட்டம் ஒட்டியவர்கள் இங்கே இருப்பீர்கள். அப்புறம் தலை போன ஒரு மொட்டைப் பனை.

அந்த மொட்டைப் பனையைத்தான் முதலில் வெட்டச் சொல்லிக் குறித்திருக்கிறார்கள், பார்க்க அசிங்கமாம். சாயங்காலம் மெக்காலன் தெருக்களில் கூட்டமாகக் கத்திக்கொண்டு போகிற செந்தலைக் கிளிகளைப் பார்த்திருப்பீர்கள். உலகத்திலேயே வடகிழக்கு மெக்சிகோவும் இந்தப் பக்கமும்தான் அவற்றுக்குச் சொந்த ஊர். காட்டில் எண்ணிக்கை குறைந்து, அழியும் பட்டியலில் இருக்கிற இனம். அவை முட்டையிடுவது செத்த பனையில் மரங்கொத்தி குடைந்த பொந்தில். உயிரோடு இருக்கிற அழகான பனையில் பொந்து ஏது?

ஆல் பழுத்தால் அங்கே, அரசு பழுத்தால் இங்கே. பழுக்க மரம் வேண்டும் அல்லவா? நான் கேட்பது அரை ஏக்கர். அந்த ஒரு மூலையை வேலி போட்டு அப்படியே விடுங்கள். புல்தரைக்குத் தண்ணீர் ஊற்றும் செலவு மிச்சம், வாராவாரம் புல் வெட்டுகிறவருக்குக் கொடுக்கும் காசும் மிச்சம். பொருளாளர் இப்போது சிரிக்கிறார் பாருங்கள். கார் நிறுத்த இடம் போதாது என்று ஒரு பேச்சு இருக்கிறது. இந்த மண்டபத்து வாசலில் இன்று எண்ணினேன், பாதி இடம் காலி. பொங்கலுக்கே இப்படி என்றால் சனிக்கிழமை வகுப்புக்கு எவ்வளவு வேண்டும்?

அடுத்த மாதம் பொதுக்குழு. இதைத் தீர்மானமாகக் கொண்டுவர ஐம்பது உறுப்பினர்களின் கையெழுத்து தேவை என்று விதியில் இருக்கிறது. படிவம் காபி மேசைக்குப் பக்கத்தில் இருக்கிறது, பேனாவும் நானே கொண்டு வந்திருக்கிறேன். உறுப்பினர் சந்தா பாக்கி உள்ளவர்கள் முதலில் பொருளாளரைப் பார்த்துவிட்டு வாருங்கள். இல்லையென்றால் கையெழுத்து செல்லாது என்பார். நன்றி, வணக்கம்.