பிப்ரவரி 29: நான்காண்டுக்கு ஒருமுறை வரும் ‘வரலாற்றில் இன்று’

அவைத் தலைவர் அவர்களே, வாசகர் வட்டத்து நண்பர்களே, ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

பள்ளிகளில் காலை வழிபாட்டுக் கூட்டத்தின்போது ஒரு மாணவர் முன்வந்து ‘வரலாற்றில் இன்று’ என்று நான்கைந்து செய்திகளைப் படிப்பார். இன்னார் பிறந்தார், இன்னார் மறைந்தார், இந்த நாட்டில் இந்தப் போர் தொடங்கியது என்று அவை ஒன்றோடொன்று ஒட்டாமல் வந்து போகும். அந்தச் செய்திகள் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அந்தத் தேதி எங்கிருந்து வந்தது, அதை யார் அங்கே வைத்தார்கள் என்ற கேள்வியை நாம் கேட்பதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்காமல் கடக்க முடியாத நாள் ஒன்று உண்டு. அது பிப்ரவரி 29. மற்ற நாள்களெல்லாம் தாமாகவே வருவது போலத் தோன்றும். இந்த ஒரு நாளை மனிதர்கள் கணக்குப் போட்டுக் கொண்டுவந்து செருகினார்கள் என்பது சிவகாசியில் அச்சாகும் தினசரி நாட்காட்டியில் கூடும் ஒற்றைத் தாளிலேயே தெரிந்துவிடுகிறது. எனவே இன்றைய உரை முழுவதையும் அந்த ஒரு நாளுக்கே ஒதுக்கிக்கொள்கிறேன்.

முதலில் கணக்கு. மார்ச் மாதத்தில் பகலும் இரவும் ஏறத்தாழச் சமமாகும் நாளை வசந்த சம இரவு நாள் என்பார்கள். ஒரு வசந்த சம இரவு நாளிலிருந்து அடுத்த வசந்த சம இரவு நாள்வரை ஆகும் காலம் 365 நாள், 5 மணி, 48 நிமிடம், ஏறத்தாழ 46 நொடி. அந்த ஐந்தே முக்கால் மணிச் சொச்சத்தை என்ன செய்வது என்பதுதான் நாட்காட்டிக்காரர்களின் இரண்டாயிரம் ஆண்டுத் தலைவலி. பழைய ரோமில் ஆண்டுக்கு 355 நாள்தான். குறையும் நாள்களை ஈடுகட்ட அவ்வப்போது ஒரு கூடுதல் மாதத்தைச் சேர்க்கும் அதிகாரம் குருமார்களிடம் இருந்தது. தமக்கு வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டை நீட்டுவதும், வேண்டாதவர் இருந்தால் நீட்டாமல் விடுவதுமாக அவர்கள் அந்த அதிகாரத்தைப் பயன்படுத்தினார்கள். ஆண்டு எத்தனை நாள் என்பதே அரசியலாகிப் போனதால், அறுவடைத் திருநாள் அறுவடைக் காலத்தில் வராமல் போயிற்று.

இந்தக் குழப்பத்தை முடித்துவைத்தவர் ஜூலியஸ் சீசர். அலெக்சாந்திரியா நகரின் வானியலாளர் சோசிஜெனீசின் யோசனைப்படி, ஆண்டுக்கு 365 நாள், நான்காண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதல் என்ற ஏற்பாட்டை கி.மு. 45 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பழைய பாக்கியைத் தீர்ப்பதற்காக அதற்கு முந்தைய கி.மு. 46ஆம் ஆண்டு 445 நாள் நீண்டது. ‘குழப்பத்தின் கடைசி ஆண்டு’ என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. அந்தக் கூடுதல் நாளையும் மாதக் கடைசியில் அவர்கள் சேர்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். பிப்ரவரி 24ஆம் நாளையே இரண்டு முறை எண்ணினார்கள். 29 என்ற எண் வழக்குக்கு வந்தது பல நூற்றாண்டுகள் கழித்துத்தான்.

சீசர் கொலையுண்ட பிறகு நடந்ததுதான் வேடிக்கை. ரோமானியர்கள் எண்ணும்போது தொடங்கும் ஆண்டையும் முடியும் ஆண்டையும் சேர்த்தே எண்ணுவார்கள். ஆகவே ‘நான்காம் ஆண்டுதோறும்’ என்ற கட்டளையை நிறைவேற்ற வேண்டிய குருமார்கள், மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நாளைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். முப்பத்தாறு ஆண்டில் 9 நாள் சேர வேண்டிய இடத்தில் 12 நாள் சேர்ந்துவிட்டது. பிறகு வந்த அகஸ்டஸ், சில ஆண்டுகள் கூடுதல் நாளே வேண்டாம் என்று நிறுத்திவைத்து அதைச் சரிக்கட்டினார். உலகப் பேரரசு ஒன்று நான்குவரை எண்ணுவதில் தடுமாறிய கதை இது. மாணவர்கள் கணக்கில் தவறும்போது இதை அவர்களுக்குச் சொல்லித் தேற்றலாம்.

சரியாக எண்ணிய பிறகும் ஒரு குறை இருந்தது. நான்காண்டுக்கு ஒரு நாள் என்றால் ஆண்டின் நீளம் 365 நாளும் 6 மணியும் ஆகிறது. உண்மையான ஆண்டை விட அது 11 நிமிடம் 14 நொடி அதிகம். பதினொரு நிமிடம் என்ன செய்துவிடும் என்று தோன்றலாம். 128 ஆண்டில் அது ஒரு முழு நாளாகிவிடுகிறது. 16ஆம் நூற்றாண்டுக்குள் வசந்த சம இரவு பத்து நாள் முன்னால் நகர்ந்துவிட, ஈஸ்டர் திருநாளைக் கணிப்பதில் சிக்கல் வந்தது. இத்தாலிய மருத்துவர் அலோயிசியஸ் லிலியஸ் வகுத்த திட்டத்தைக் கிளேவியஸ் என்னும் சேசு சபைக் கணித அறிஞர் சரிபார்த்து விளக்க, திருத்தந்தை பதின்மூன்றாம் கிரெகோரி 1582இல் ஆணை பிறப்பித்தார். அதன்படி 1582 அக்டோபர் 4 வியாழக்கிழமைக்கு மறுநாள் அக்டோபர் 15 வெள்ளிக்கிழமை ஆயிற்று. நூறால் வகுபடும் ஆண்டுகள் நானூறாலும் வகுபட்டால்தான் அவற்றில் பிப்ரவரி 29 உண்டு என்ற விதியும் அப்போது வந்தது. அதனால் 1700, 1800, 1900 ஆகியவற்றில் அந்த நாள் இல்லை, 2000இல் இருந்தது.

இந்தத் திருத்தத்தை எல்லா நாடுகளும் உடனே ஏற்கவில்லை. இங்கிலாந்து 1752வரை காத்திருந்தது. சுவீடன் செய்தது தனி ரகம். ஒரேயடியாகப் பதினொரு நாளை நீக்குவதற்குப் பதிலாக, நாற்பது ஆண்டுக்குப் பிப்ரவரி 29களை வரிசையாக விட்டுவிட்டால் மெல்ல மெல்லப் புதிய கணக்குக்கு வந்துவிடலாம் என்று அந்நாட்டார் திட்டமிட்டார்கள். 1700இல் விட்டார்கள், பெரும் போர் மூண்டதால் 1704இலும் 1708இலும் விட மறந்தார்கள். பழைய கணக்கோடும் புதிய கணக்கோடும் ஒட்டாமல், அண்டை நாடுகள் எதனோடும் சேராத ஒரு தேதியில் அந்த நாடு தனியே நின்றது. கடைசியில், பழைய கணக்குக்கே திரும்பிவிடலாம் என்று முடிவெடுத்து, விட்ட ஒரு நாளைத் திரும்பச் சேர்த்தார்கள். 1712 ஏற்கெனவே 29 நாள் பிப்ரவரி கொண்ட ஆண்டு. எனவே அந்த ஆண்டு சுவீடனில் பிப்ரவரி 30 என்ற நாள் உண்மையாகவே வந்து போயிற்று.

நம் தமிழ் நாட்காட்டியில் இப்படி ஒரு நாளைச் செருக வேண்டிய தேவையே எழவில்லை. சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குப் புகும் நேரத்தைக் கணித்து, அது சூரியன் மறைவதற்கு முன் நிகழ்ந்தால் அன்றே மாதப் பிறப்பு, பின்னர் நிகழ்ந்தால் மறுநாள் மாதப் பிறப்பு என்று வைத்துவிட்டதால், சொச்ச மணிகள் தாமாகவே மாதங்களுக்குள் பங்கிடப்பட்டுவிடுகின்றன. ஆனி சில ஆண்டில் 31 நாள், சில ஆண்டில் 32 நாள். மார்கழி 29 அல்லது 30. அழகான ஏற்பாடு என்பதில் ஐயமில்லை. ஆயினும் அதுவும் குறையற்றதன்று என்பதைச் சொல்லாமல் விடுவது முறையாகாது. விண்மீன்களை அளவுகோலாகக் கொண்ட அந்த ஆண்டு, பருவங்களின் ஆண்டை விட இருபது நிமிடத்துக்கும் மேல் நீளம். அதனால்தான் ஒரு காலத்தில் வசந்த சம இரவோடு சேர்ந்திருந்த சித்திரை முதல் நாள் இன்று மூன்று வாரத்துக்கு மேல் பின்தள்ளி ஏப்ரல் 14இல் நிற்கிறது. வானியற்பியலாளர் மேகநாத சாகா தலைமையிலான குழு பரிந்துரைத்து 1957 மார்ச் 22 முதல் நடப்பில் உள்ள இந்திய தேசிய நாட்காட்டியோ, கூடுதல் நாளைத் தன் முதல் மாதத்திலேயே சேர்த்துக்கொள்கிறது.

இனி அந்த நாளின் நிகழ்ச்சிகளுக்கு வருவோம். பிப்ரவரி 29 என்றதும் செய்தித் தொகுப்புகளில் தவறாமல் இடம்பெறுவது கொலம்பசின் சந்திர கிரகணம். 1503 ஜூன் மாதம் அவருடைய கப்பல்கள் புழு அரித்து ஜமைக்காவின் வடகரையில் தரைதட்டின. மாதக்கணக்கில் அவருக்கும் ஆட்களுக்கும் சோறு போட்டவர்கள் அத்தீவின் தைனோ மக்கள். கொடுத்துக் கொடுத்துச் சலித்தும், அவருடைய ஆட்களில் ஒரு சாரார் செய்த கொள்ளையால் வெறுத்தும் அவர்கள் உணவைக் குறைத்தார்கள். கொலம்பசிடம் ஐரோப்பிய வானியலாளர்கள் கணித்து அச்சிட்ட கிரகண அட்டவணை இருந்தது. 1504 பிப்ரவரி 29 அன்று தலைவர்களை அழைத்து, தம் கடவுள் சினந்திருக்கிறார், இன்றிரவு நிலவு சிவக்கும் என்றார். சொன்னபடியே நிலவு சிவந்தது. அவர் அறைக்குள் சென்று வழிபடுவது போல் இருந்து, கிரகணம் விலகும் நேரத்தில் வெளியே வந்து கடவுள் மன்னித்தார் என்று அறிவித்தார். உணவு வந்தது.

இதை எல்லோரும் அறிவின் வெற்றியாகச் சொல்கிறார்கள். அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விருந்தோம்பியவர்களை, வேறொருவர் உழைத்துக் கணித்த கணக்கைக் கொண்டு அச்சுறுத்திச் சோறு வாங்கிய செயல் அது. அடுத்த சில பத்தாண்டுகளில் கட்டாய உழைப்பும் நோயும் அந்த மக்களைப் பெரும்பாலும் அழித்துவிட்டன என்ற செய்தியையும் சேர்த்தே அந்தக் கதையைச் சொல்ல வேண்டும். இன்னொன்றும் உண்டு. அது கிரெகோரியின் திருத்தத்துக்கு முந்தைய நாள். இன்றைய கணக்கில் அது மார்ச் 10.

பெண்களே முன்வந்து திருமணம் கேட்கலாம் என்னும் ஐரோப்பிய வழக்கமும் இந்த நாளைச் சுற்றி வளர்ந்தது. ஸ்காட்லாந்து அரசி மார்கரெட் 1288இல் இதற்குச் சட்டமே இயற்றினார் என்று அடிக்கடி எழுதுகிறார்கள். அந்த ஆண்டில் அவர் ஐந்து வயதுக் குழந்தை, இருந்ததும் நார்வேயில். அப்படி ஒரு சட்டம் எந்த ஆவணத்திலும் கிடைக்கவில்லை. வழிபாட்டுக் கூட்டத்துக்குச் செய்தி எடுப்பவர்கள் இத்தகைய இடத்தில் சற்று நின்று ஆண்டுக் கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது.

மெய்யான வேடிக்கைகளும் ஏராளம். பிரான்சில் 1980 முதல் பிப்ரவரி 29 அன்று மட்டுமே வெளிவரும் நகைச்சுவைச் செய்தித்தாள் ஒன்று உண்டு. 2024இல் வந்தது அதன் பன்னிரண்டாம் இதழ். ஆஸ்திரேலியப் பகுதியான தாஸ்மானியாவின் பிரதமராயிருந்த ஜேம்ஸ் மில்ன் வில்சன் 1812 பிப்ரவரி 29இல் பிறந்து 1880 பிப்ரவரி 29இல், தம் பதினேழாவது பிறந்தநாளில் மறைந்தார். 1940இல் இதே நாளில்தான் அமெரிக்கத் திரைப்பட நடிகை ஹாட்டி மெக்டேனியல் ஆஸ்கர் பெற்ற முதல் கறுப்பினக் கலைஞரானார்; விருது வாங்கிய அந்த விருந்து மண்டபத்தில் அவரைத் தனி மேசையில் ஒதுக்கி உட்கார வைத்திருந்தார்கள்.

என் மனத்தை மிகவும் கவர்ந்தது நம் நாட்டு இணைப்பு ஒன்று. மொரார்ஜி தேசாய் 1896 பிப்ரவரி 29இல் இன்றைய குஜராத்தின் பதேலி என்னும் ஊரில் பிறந்தார். 1900இல் அந்த நாள் கிடையாது. ஆகவே அவருடைய முதல் பிறந்தநாள் வந்தது எட்டு வயது நிறைந்த பிறகு, 1904 பிப்ரவரி 29 அன்று. அதே 1904 பிப்ரவரி 29 அன்றுதான் மதுரையில் ருக்மிணி தேவி பிறந்தார். மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் நடனம் கற்று, 1936இல் கலாக்ஷேத்திராவை நிறுவிய அந்த அம்மையார், 1952இல் மாநிலங்களவைக்கு நியமிக்கப்பட்டு விலங்குகளுக்கு எதிரான கொடுமையைத் தடுக்கத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு உறுதியளிக்க, 1960இல் அந்தச் சட்டம் நிறைவேறியது. 1977இல் பிரதமரான மொரார்ஜி, குடியரசுத் தலைவர் பதவிக்கு நிற்குமாறு ருக்மிணி தேவியைத்தான் கேட்டார். அவர் மறுத்துவிட்டார். ஆயினும் இருவரையும் இணைத்த உயிரிரக்கம் வேறு வழியில் பலன் தந்தது. ஆய்வுக்கூடங்களுக்காகக் குரங்குகளை வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்வதை மொரார்ஜி அரசு 1978இல் நிறுத்தியது. தொண்ணூற்றொன்பது வயது வாழ்ந்த மொரார்ஜிக்கு வந்த பிறந்தநாள்கள் 23. ருக்மிணி தேவிக்கு 20.

கடைசியாக இயந்திரங்களின் கதை. அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை 1890இல் துளையிட்ட அட்டைகளால் எண்ணிக் காட்டிய ஹெர்மன் ஹாலரித்தும் 1860 பிப்ரவரி 29இல் பிறந்தவர். அவருடைய நிறுவனமே பிற்காலத்துக் கணினி நிறுவனமான ஐபிஎம்முக்கு ஒரு வேர். அவர் வழிவந்த கணினிகளுக்கோ அவர் பிறந்தநாள்தான் பிடிபடுவதில்லை. அலுவலகங்களில் நாம் பயன்படுத்தும் எக்செல், பழைய மென்பொருளோடு ஒத்துப்போவதற்காக, 1900இல் இல்லாத பிப்ரவரி 29ஐ இருந்ததாகவே இன்றும் கணக்கிடுகிறது. 2012இல் அதே நாளில் மைக்ரோசாஃப்டின் மேகக் கணினிச் சேவை முடங்கியதற்குக் காரணம், ஒரு சான்றிதழின் காலாவதித் தேதியாக ஆண்டில் மட்டும் ஒன்றைக் கூட்டி, ‘2013 பிப்ரவரி 29’ என்று நிரல் எழுதிக்கொண்டதுதான். 2024இல் நியூசிலாந்தின் தானியங்கிப் பெட்ரோல் நிலையங்கள் பல அன்று அட்டைகளை ஏற்க மறுத்தன.

நான்கால் வகுபட்டால் போதும் என்று எழுதிய நிரல்களெல்லாம் 1901 முதல் 2099வரை தவறாமல் சரியான விடையே தரும். இடையில் வந்த 2000ஆம் ஆண்டும் விதிப்படியே அமைந்துவிட்டதால் அவற்றின் பிழை வெளிப்படவில்லை. இங்கே அமர்ந்திருக்கும் மாணவர்களில் சிலர் நிரல் எழுதும் பணிக்குப் போகக்கூடும். அவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய தேதி இது: 2100 பிப்ரவரி 28, ஞாயிற்றுக்கிழமை. மறுநாள் திங்கட்கிழமை, மார்ச் 1. 2096 பிப்ரவரி 29இல் பிறக்கும் குழந்தை தன் முதல் பிறந்தநாளுக்கு, மொரார்ஜியைப் போலவே, எட்டு ஆண்டு காத்திருக்கும். வணக்கம்.